கோப்பைக்கான நாற்பது நிமிடங்கள்: பெஞ்சில் இருப்பவர்கள் கணக்கில் வைக்க வேண்டியவை

2024 ஆகஸ்ட் 11. பாரிஸ் ஒலிம்பிக்கில் பெண்கள் கூடைப்பந்து இறுதி ஆட்டம். முடிய சில விநாடிகள்தான் மிச்சம். அமெரிக்கா 67, பிரான்ஸ் 64. பிரான்ஸின் கேபி வில்லியம்ஸ் எறிந்த கடைசிப் பந்து வளையத்துக்குள் விழுந்தது. ஆனால் அவருடைய கால் மூன்று புள்ளிக் கோட்டை மிதித்திருந்தது. கிடைத்தது இரண்டு புள்ளி. 67-66, தங்கம் அமெரிக்காவுக்கு. அந்தக் கால் கொஞ்சம் பின்னால் இருந்திருந்தால் ஆட்டம் ஓவர்டைமுக்குப் போயிருக்கும்.

சர்வதேச இறுதி ஆட்டங்களைத் தொடர்ந்து கவனித்து வருபவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும். இறுதிக்கு வரும் இரண்டு அணிகளுக்கும் திறமை கிட்டத்தட்ட ஒன்றுதான். பிரித்து வைப்பது கோடு, கடிகாரம், ஃபவுல் கணக்கு, டைம்-அவுட் (அணி கேட்டுப் பெறும் ஒரு நிமிட நிறுத்தம்) மிச்சம், ஓய்வு என்ற சின்னச் சின்ன விஷயங்கள். இவை எல்லாமே முன்கூட்டித் தயார் செய்யக்கூடியவை. எந்த மட்டத்துப் போட்டியானாலும் சரி, ஃபீபா (சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பு) விதிப்படி விளையாடும் ஒரு அணியை இறுதிக்குக் கொண்டுபோகும் பயிற்சியாளர், மேலாளர், உதவியாளர் எல்லோருக்கும் பயன்படும் என்று நினைத்து இதை எழுதுகிறேன். அமெரிக்காவின் என்பிஏ லீக்கைப் பார்த்துப் பழகிய கண்ணுக்குச் சில விதிகள் வேறாகத் தெரியும். அந்த இடங்களில்தான் அணிகள் அதிகமாகத் தடுமாறுகின்றன.

முதலில் அந்தக் கோட்டை முடித்துவிடலாம். மூன்று புள்ளிக் கோடு வளையத்தின் மையத்துக்கு நேர் கீழிருந்து 6.75 மீட்டர். கோட்டின் அகலம் 5 சென்டிமீட்டர், அந்த அகலம் முழுக்க இரண்டு புள்ளிப் பகுதியைச் சேர்ந்தது. ஷூ நுனி உரசினால்கூட இரண்டுதான். மூலையில் கோட்டுக்கும் சைட்லைனுக்கும் நடுவே 90 சென்டிமீட்டர் மட்டுமே. பெரிய ஷூ போட்ட வீரர் அங்கே பின்னால் ஒரு அடி எடுத்து வைத்தால் குதிகால் வெளியே போய்விடும். பயிற்சியில் கோட்டுக்கு ஒரு சாண் பின்னால் டேப் ஒட்டி, கடைசி விநாடி ஷாட்டுகள் அனைத்தையும் அந்த டேப்புக்குப் பின்னாலிருந்தே போட வைக்க வேண்டும். பதற்றத்தில் ஓடிவரும் கால் எப்போதும் முன்னோக்கித்தான் நழுவும். ஒரு சாண் இடைவெளி அதற்காகத்தான்.

அரையிறுதி முடிந்த இரவிலிருந்தே இறுதி ஆட்டம் தொடங்கிவிடுகிறது. 2023 உலகக் கோப்பையில் அரையிறுதிகள் செப்டம்பர் 8-ஆம் தேதி, இறுதி 10-ஆம் தேதி. நடுவே ஒரே நாள். கோப்பையை வென்ற ஜெர்மனிக்கு அது ஆகஸ்ட் 25-க்குப் பிறகு எட்டாவது ஆட்டம். இந்த நிலையில் புதிதாக எதையும் கற்றுத்தர முடியாது. அந்த ஒரு நாளில் கனமான பயிற்சி வைத்தால் மறுநாள் நான்காவது குவார்ட்டரில் (ஆட்டத்தின் கடைசிப் பத்து நிமிடத்தில்) கால் எழும்பாது. அரையிறுதியில் 25 நிமிடத்துக்கு மேல் ஆடியவர்களுக்கு நடை, ஸ்ட்ரெச்சிங், கொஞ்சம் ஷூட்டிங், அவ்வளவு போதும். குறைவாக ஆடியவர்கள் வேண்டுமானால் நன்றாக ஓடலாம். எதிரணியின் நான்கைந்து முக்கிய செட்டுகளை (முன்பே திட்டமிட்ட தாக்குதல் நகர்வுகளை) நடந்தபடியே ஒருமுறை பார்த்துக்கொள்வது எல்லோருக்கும் நல்லது.

மனச் சோர்வு இன்னும் ஆபத்தானது. 2006-இல் ஜப்பானின் சைதாமாவில் நடந்த உலகச் சாம்பியன்ஷிப் அரையிறுதியில் கிரீஸ் அமெரிக்காவை 101-95 என்று வென்றது. கூடைப்பந்து உலகமே அதைப் பற்றித்தான் பேசியது. இறுதியில் அதே கிரீஸ் ஸ்பெயினுக்கு எதிராக மொத்தமே 47 புள்ளிதான் எடுத்தது. ஸ்பெயின் 70. அதுவும் பாவ் கசோல் இல்லாத ஸ்பெயின். அரையிறுதியில் காலில் அடிபட்டு அவர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நவாரோவும் கார்பஹோசாவும் ஆளுக்கு 20 புள்ளி எடுத்தார்கள். ஒரு பெரிய வெற்றிக்குப் பிறகு அணி காலியாகிவிடும் என்பதையும், முக்கிய வீரர் இல்லாதபோது மற்றவர்களின் பங்கை உடனே மாற்றி எழுத முடியும் என்பதையும் ஒரே ஆட்டம் காட்டியது. அரையிறுதி வென்ற இரவு கொண்டாட்டத்துக்கு ஒரு நேர எல்லை வைத்து, ஃபோன்களை ஓரம் கட்டி, எல்லோரையும் தூங்க அனுப்புவது பயிற்சியாளரின் வேலைதான். அதைக் கண்டிப்பு என்று நினைத்துத் தயங்கக் கூடாது. முக்கிய வீரர் அடிபட்டிருந்தால், ஆடுவாரா மாட்டாரா என்பதை அன்றிரவே மருத்துவரிடம் கேட்டு முடிவெடுத்து அணிக்குச் சொல்லிவிட வேண்டும். ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்புவரை இழுத்தால், மீதிப் பேர் இரண்டு திட்டங்களையும் அரைகுறையாக மனதில் சுமந்துகொண்டு இறங்குவார்கள்.

வீடியோ விஷயத்தில் என் கருத்து உறுதியானது. உதவிப் பயிற்சியாளர் எத்தனை மணி நேரம் வேண்டுமானாலும் பார்க்கட்டும். வீரர்களுக்குக் காட்டுவது 20 நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். அந்த 20 நிமிடத்திலிருந்து மூன்று தீர்மானங்கள் வெளிவர வேண்டும்: எதிரணியின் முக்கிய வீரரை யார், எப்படிக் காப்பது, பிக் அண்ட் ரோலை, அதாவது ஒருவர் காவலரை மறித்து நின்றுவிட்டு வளையத்தை நோக்கி ஓடும் இருவர் ஆட்டத்தை, எப்படித் தடுப்பது (மாறிக்கொள்வதா, பின்வாங்குவதா, இருவராகப் பாய்வதா), எதிரணியில் யாருடைய ஷாட்டை விட்டுக்கொடுப்பது. மூன்றாவதைப் பல பயிற்சியாளர்கள் வாய்விட்டுச் சொல்வதில்லை. "எல்லோரையும் பிடி" என்றால் யாரையும் பிடிக்க முடியாது. யாரை விடலாம் என்று தெரிந்தால்தான் உதவிக்கு எங்கிருந்து வருவது என்று வீரருக்குத் தெரியும்.

2019 பெய்ஜிங் இறுதியில் ஸ்பெயின் செய்தது இதற்கு நல்ல பாடம். அர்ஜென்டினா முழுத் தொடரிலும் லூயிஸ் ஸ்கோலாவைச் சுற்றி ஆடியது. இறுதியில் ஸ்பெயின் அவருக்கு இடமே தரவில்லை. மொத்தம் 8 புள்ளி. ஆட்டம் 14-2 என்று தொடங்கி 95-75 என்று முடிந்தது. எதிரணி எந்த ஒருவர் வழியாக மூச்சு விடுகிறது என்று கண்டுபிடித்து அந்த வழியை முதல் ஐந்து நிமிடத்திலேயே அடைப்பதுதான் அங்கே நடந்தது. தொடக்கத்தில் எதிரணியைத் தொடர்ந்து புள்ளி எடுக்க விட்டுவிட்டால், பின்தங்கிய அணி தனக்குப் பழக்கமில்லாத வேகத்தில் ஆட வேண்டியதாகிவிடும்.

ஆட்ட நாளின் காகித வேலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வீரர் பெயர், எண், கேப்டன், பயிற்சியாளர் விவரங்களை ஆட்டம் தொடங்க 40 நிமிடம் முன்பாவது ஸ்கோரரிடம் கொடுக்க வேண்டும். 10 நிமிடம் முன்பு தலைமைப் பயிற்சியாளர் சரிபார்த்துக் கையெழுத்திட்டு, தொடங்கும் ஐந்து பேரையும் குறித்துத் தர வேண்டும். பட்டியலில் 12 பேர்தான். ஜெர்சி எண்ணும் பட்டியல் எண்ணும் ஒன்றா என்று கையெழுத்துக்கு முன் ஒருவர் சத்தமாக வாசித்துப் பார்ப்பது நல்லது. இறுதி ஆட்டத்தின் பரபரப்பில் இதுபோன்ற இடத்தில்தான் பிழை நுழையும்.

பெஞ்சில் யார் எதைப் பார்ப்பது என்பதையும் முன்பே பிரித்துவிட வேண்டும். தலைமைப் பயிற்சியாளர் ஆட்டத்தைப் பார்க்கட்டும். ஒரு உதவியாளர் ஃபவுல் கணக்கை வைத்துக்கொள்ளட்டும்: தனிநபர் ஃபவுல் இரு அணிக்கும், குவார்ட்டர் வாரியாக அணி ஃபவுல் இரு அணிக்கும். இன்னொருவர் டைம்-அவுட் மிச்சம், மாற்றுப் பொசெஷன் அம்புக்குறி (இருவர் பந்தைப் பிடித்துக்கொண்டால் அடுத்து யாருக்குப் பந்து என்று காட்டுவது), ஷாட் கிளாக் (ஷாட் எடுக்க மிச்சமுள்ள விநாடியைக் காட்டும் கடிகாரம்). ஸ்கோர் பலகையில் எல்லாம் இருக்கிறதே என்று கேட்கலாம். பலகையைப் பார்க்கத் திரும்பும் நேரத்தில் ஒரு ஸ்கிரீன் (காவலரை மறித்து நிற்பது) நடந்து முடிந்துவிடும். கையில் ஒரு அட்டை இருந்தால் கேட்டவுடன் பதில் வரும்.

ஃபவுல் கணக்கில் மூன்றைத் தலையில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு வீரர் ஐந்தாவது ஃபவுலோடு வெளியேற வேண்டும், என்பிஏ போல ஆறு இல்லை. ஒரு குவார்ட்டரில் அணி நான்கு ஃபவுலைத் தொட்டுவிட்டால், பந்து கையில் இல்லாத அணி அடுத்துச் செய்யும் சாதாரண ஃபவுலுக்குக்கூட எதிரணிக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ (யாரும் தடுக்காமல் எறியும் வாய்ப்பு). ஓவர்டைம் வந்தால் நான்காவது குவார்ட்டரின் அணி ஃபவுல் கணக்கு அப்படியே தொடரும், புதிதாகத் தொடங்காது. கடைசியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஐந்து நிமிட ஓவர்டைமின் முதல் நொடியிலிருந்தே ஒவ்வொரு தொடுதலுக்கும் எதிரணி ஃப்ரீ த்ரோ கோட்டுக்குப் போகும் நிலை வந்தால், கையை உயர்த்திக் காலால் காக்கும் டிஃபென்ஸுக்கு மாற வேண்டும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. குவார்ட்டர் முடிய 40 விநாடி இருக்கும்போது உங்கள் அணிக்கு இரண்டு ஃபவுல்தான் ஆகியிருந்தால், கொடுப்பதற்கு இன்னும் இரண்டு மிச்சம் என்று பொருள். எதிரணி கடைசி ஷாட்டுக்குச் செட் போடத் தொடங்கும்போது ஒன்றைச் செலவழித்து அந்தச் செட்டை உடைக்கலாம். ஷாட் எடுக்கும் அசைவு தொடங்குவதற்கு முன், பந்தை நோக்கிக் கை போக வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. சட்டையைப் பிடித்து இழுத்தாலோ, பந்தைத் தொடும் எண்ணமே இல்லாமல் கட்டிப்பிடித்தாலோ நடுவர் அன்ஸ்போர்ட்ஸ்மன்லைக் ஃபவுல் கொடுப்பார். எதிரணிக்கு இரண்டு ஃப்ரீ த்ரோவும் கிடைக்கும், பந்தும் கிடைக்கும்.

இடைவேளை 15 நிமிடம். உடை அறைக்கு நடப்பது, தண்ணீர், கழிவறை, திரும்பி வந்து மூன்று நிமிடம் ஷூட்டிங் என்று கழித்தால் பேசுவதற்கு ஆறேழு நிமிடம் கிடைக்கும். முதல் இரண்டு நிமிடம் வீரர்களைத் தனியே விட்டுவிட்டு, பயிற்சியாளர்கள் வெளியே நின்று தங்களுக்குள் பேசி இரண்டே இரண்டு மாற்றங்களைத் தீர்மானித்துக்கொண்டு உள்ளே போவது சிறந்த முறை. 2023 மணிலா இறுதியில் இடைவேளையில் ஜெர்மனி 47, செர்பியா 47. மூன்றாவது குவார்ட்டர் 22-10. கடைசிக் குவார்ட்டரில் செர்பியா 20-14 என்று மீண்டு வந்தும் ஆட்டம் 83-77 என்று ஜெர்மனிக்குப் போனது. 28 புள்ளி எடுத்த டென்னிஸ் ஷ்ரோடரைப் பற்றித்தான் எல்லோரும் பேசினார்கள், அது நியாயமும்கூட. ஆனால் ஸ்கோர் ஷீட்டைக் குவார்ட்டர் வாரியாகப் பிரித்துப் பார்த்தால், கோப்பை மூன்றாவது குவார்ட்டரில் கைமாறியது புரியும். இடைவேளைக்குப் பின் வரும் முதல் நான்கு நிமிடத்துக்கென்று தனியாக இரண்டு தாக்குதல் செட்டுகளைத் தயாராக வைத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில்தான் உடல் குளிர்ந்திருக்கும், கவனமும் தளர்ந்திருக்கும்.

இனி டைம்-அவுட். இதை விரிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் ஃபீபா ஆட்டத்தில் அதிகம் வீணாவது இதுதான்.

முதல் பாதியில் இரண்டு, இரண்டாம் பாதியில் மூன்று, ஒவ்வொரு ஓவர்டைமுக்கும் ஒன்று. ஒரு பாதியில் மிஞ்சியதை அடுத்ததற்குக் கொண்டுபோக முடியாது. இரண்டாம் பாதியின் மூன்றில், நான்காவது குவார்ட்டரின் கடைசி இரண்டு நிமிடத்தில் அதிகபட்சம் இரண்டுதான் எடுக்கலாம். அதாவது மூன்றையும் சேமித்து வைத்தேன் என்று பெருமைப்பட்டுக்கொண்டு 2:00-ஐத் தாண்டினால் ஒன்று தானாகவே போய்விடும். ஆகவே நான்காவது குவார்ட்டரில் மூன்று நிமிடம் மிச்சமிருக்கும் நேரத்தை ஒட்டி, மூன்றும் கையில் இருந்தால் ஒன்றைத் தயங்காமல் எடுத்துவிட வேண்டும். அந்த ஒரு நிமிட ஓய்வே முக்கிய வீரருக்குப் பெரிய உதவி.

வீரர் டைம்-அவுட் கேட்க முடியாது. என்பிஏ பழக்கத்தில் தரையில் விழுந்து பந்தைக் கட்டிக்கொண்டு கையால் 'டி' காட்டுவதால் ஒரு பயனும் இல்லை. தலைமைப் பயிற்சியாளரோ முதல் உதவிப் பயிற்சியாளரோ ஸ்கோரர் மேசைக்குப் போய், அல்லது அங்கிருப்பவரின் கண்ணைப் பார்த்துத் தெளிவாகக் கை காட்டிக் கேட்க வேண்டும். கேட்டதும் கிடைக்காது. ஆட்டமும் கடிகாரமும் நின்று, நடுவர் மேசையோடு பேசி முடித்த பிறகு கிடைக்கும். கடைசி ஃப்ரீ த்ரோ உள்ளே போனால் இரு அணிக்கும் வாய்ப்பு. களத்திலிருந்து கோல் விழுந்தால், அதை விட்டுக்கொடுத்த அணிக்கு மட்டும் வாய்ப்பு. ஆகவே எதிரணி பந்தோடு ஓடிவரும்போதே, "விழுந்தால் டைம்-அவுட்" என்று மேசையில் சொல்லி வைத்துவிடலாம். விழுந்த நொடியே கடிகாரத்தை நிறுத்துவார்கள். விழவில்லை, பந்து உங்கள் கைக்கு வந்துவிட்டது என்றால், மேசை ஒலி எழுப்புவதற்குள் கோரிக்கையை வாபஸ் வாங்க வேண்டும். இந்த வாபஸை மறந்த அணிகள் தங்கள் வேகத் தாக்குதலைத் தாங்களே நிறுத்திக்கொண்டிருக்கின்றன. மேசைக்கும் பெஞ்சுக்கும் நடுவே இந்த ஒரு வேலைக்காகவே ஒருவர் தயாராக இருப்பது வீண் அல்ல.

இரண்டு ஃப்ரீ த்ரோக்களுக்கு நடுவே டைம்-அவுட் கிடையாது. முதல் ஃப்ரீ த்ரோவுக்குப் பந்து வீரர் கைக்கு வந்ததும் வாய்ப்பு மூடிவிடும். வரலாற்றிலேயே அதிகம் சர்ச்சையான இறுதி ஆட்டம் இந்தப் புள்ளியில்தான் சிக்கியது. 1972 மியூனிக் ஒலிம்பிக். மூன்று விநாடி இருக்கும்போது அமெரிக்காவின் டக் காலின்ஸ் இரண்டு ஃப்ரீ த்ரோவையும் போட்டு 50-49 ஆக்கினார். இரண்டாவதை எறியும் நேரத்தில் மேசையிலிருந்து ஹார்ன் ஒலித்தது. அந்த இரண்டுக்கும் நடுவே தாங்கள் டைம்-அவுட் கேட்டிருந்ததாக சோவியத் தரப்பு சொன்னது. ஆட்டம் நிறுத்தப்பட்டது, மீண்டும் தொடங்கப்பட்டது, கடிகாரம் சரியாகத் திருத்தப்படாமலே ஓடியது. ஃபீபா பொதுச் செயலாளர் வில்லியம் ஜோன்ஸ் குறுக்கிட்டு மூன்று விநாடியையும் திரும்பத் தர வைத்தார். சோவியத் வீரர் எதெஷ்கோ களத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு எறிந்த பந்தை அலெக்சாண்டர் பெலோவ் பிடித்து உள்ளே போட, 51-50. அமெரிக்காவின் ஆட்சேபம் மேல்முறையீட்டுக் குழுவில் 3-2 என்று தள்ளுபடியானது. அமெரிக்க வீரர்கள் வெள்ளிப் பதக்கத்தை வாங்கவே இல்லை. யார் பக்கம் நியாயம் என்ற வாதம் இன்றும் ஓயவில்லை. பெஞ்சுக்கு அதிலிருந்து எடுக்க வேண்டியது நேரடியானது: மேசையில் சொன்னது காதில் விழுந்ததா என்று உறுதிசெய்யாமல் திரும்பி வராதீர்கள். கடைசி விநாடிகளில் எத்தனை நேரம் மிச்சம் என்பதை ஒவ்வொரு விசிலிலும் நீங்களும் குறித்துக்கொள்ளுங்கள்.

கடைசி இரண்டு நிமிடத்தில் டைம்-அவுட்டுக்கு இன்னொரு பயனும் உண்டு. பின்பாதியில் (களத்தில் தான் காக்கும் வளையம் உள்ள பாதியில்) வெளியிலிருந்து பந்து போடும் உரிமை உள்ள அணி டைம்-அவுட் எடுத்தால், முடிந்ததும் எங்கிருந்து பந்து போடுவது என்று அதன் பயிற்சியாளரே தேர்ந்தெடுக்கலாம். முன்பாதியில் (தாக்கும் பாதியில்), ஸ்கோரர் மேசைக்கு எதிர்ப்பக்கச் சைட்லைனில், அதற்கென்று குறித்த சிறு கோட்டிலிருந்து போடலாம். இல்லையென்றால் பின்பாதியிலேயே போடலாம். பின்தங்கிய அணி முன்பாதியைத்தான் கேட்கும். ஆனால் முன்பாதி என்றால் ஷாட் கிளாக் 14 விநாடிதான்; 14-க்குக் குறைவாக இருந்தால் இருந்ததே தொடரும். எதிரணி கோல் போட்ட பிறகு பின்பாதியிலிருந்து தொடங்கினால் 24 முழுசாகக் கிடைக்கும். இரண்டு புள்ளி முன்னிலையில் 35 விநாடி இருக்கும்போது பழக்கத்தில் "முன்பாதி" என்று சொல்லிவிட்டால், கரைக்கக்கூடிய 10 விநாடியை எதிரணிக்குத் தானம் செய்ததாக ஆகும். ஆனால் பின்பாதியில் அழுத்தம் தாங்கிப் பந்தை நடுக்கோட்டைத் தாண்டிக் கொண்டுபோக எட்டு விநாடிதான். பந்து கையாளும் இருவர் களத்தில் இருந்தால் மட்டுமே பின்பாதியைத் தேர்ந்தெடுங்கள்.

பின்தங்கிய அணி எப்போது ஃபவுல் செய்யத் தொடங்குவது? உணர்ச்சியை விட்டுவிட்டுக் கணக்குப் போட வேண்டும். ஆறு புள்ளி பின்தங்கி, 60 விநாடி, பந்து உங்களிடம். எட்டு விநாடியில் ஒரு ஷாட். எதிரணி 24 விநாடி கரைக்கும். உங்களுக்கு இன்னொரு எட்டு விநாடி. மிச்சம் 20. அதை எதிரணி முழுக்கக் கரைத்துவிடும், ஏனென்றால் ஷாட் கிளாக்கைவிட ஆட்டக் கடிகாரம் குறைவு. ஆக உங்களுக்கு வாய்ப்பு இரண்டுதான். இரண்டும் மூன்று புள்ளியாக விழுந்து, நடுவில் எதிரணிக்கு ஒன்றும் விழாமல் இருந்தால்தான் சமன். இந்தக் கணக்கு கைகொடுக்காது என்று தெரிந்தால், முதல் ஷாட்டுக்குப் பிறகே அழுத்தத் தொடங்கி, பந்து பறிக்க முடியவில்லை என்றால் நான்கைந்து விநாடிக்குள் ஃபவுல் செய்ய வேண்டும். யாரை என்பதை முன்பே பெயர் சொல்லி வைத்திருக்க வேண்டும்: களத்தில் இருப்பவர்களில் ஃப்ரீ த்ரோ மோசமானவரை.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. கடைசி இரண்டு நிமிடத்தில், எதிரணி வெளியிலிருந்து பந்து போடக் காத்திருக்கும்போது, பந்து கையை விட்டுப் போவதற்கு முன்பே களத்தில் ஒருவரை ஃபவுல் செய்தால் அது த்ரோ-இன் ஃபவுல். ஒரு ஃப்ரீ த்ரோ, அதோடு பந்தும் அவர்களுக்கே. அவசரத்தில் சட்டையைப் பிடிக்கும் வீரர் இதை அறியாமல் செய்துவிடுவார். பந்து கையை விட்டு வெளியேறிய பிறகுதான் ஃபவுல். பந்து போடுபவரைக் காப்பவரும் கோட்டுக்கு மேல் கையை நீட்டக் கூடாது. அந்த நேரத்தில் நடுவர் கை காட்டி எச்சரிப்பார், அதன் பிறகும் கோட்டைத் தாண்டினால் டெக்னிக்கல் ஃபவுல்.

மூன்று புள்ளி முன்னிலையில் இருக்கும் அணி ஃபவுல் செய்யலாமா, ஷாட்டைக் காக்கலாமா என்பது பயிற்சியாளர்கள் இரு கட்சியாகப் பிரிந்து நிற்கும் கேள்வி. ஏழு விநாடிக்குக் குறைவாக இருந்தால் ஃபவுல் செய்வதே மேல் என்பது என் நிலைப்பாடு, ஆனால் பயிற்சி செய்த அணிக்கு மட்டும். பந்து பிடித்தவர் முதுகைக் காட்டும்போதோ, டிரிபிள் செய்துகொண்டு பந்து இடுப்புக்குக் கீழே இருக்கும்போதோ, பந்தை நோக்கிக் கையைப் போட்டுச் செய்ய வேண்டும். கை மேலெழும்பியபின் தொட்டால் மூன்று ஃப்ரீ த்ரோ. பயிற்சி இல்லாத அணி அந்தத் தவறைத்தான் செய்யும். அதற்குப் பதில் மாறிக்கொண்டே கோட்டுக்கு வெளியே நெருக்கிக் காத்து, உள்ளே இரண்டு புள்ளியை விட்டுக்கொடுப்பது பாதுகாப்பு.

ஃபவுல் செய்தால் அடுத்து வருவது வேண்டுமென்றே தவறவிடும் ஃப்ரீ த்ரோ. 2023 உலகக் கோப்பையின் மூன்றாம் இட ஆட்டத்தில், அமெரிக்கா நான்கு புள்ளி பின்தங்கி இருந்தபோது மிகால் பிரிட்ஜஸ் முதலாவதைப் போட்டார், இரண்டாவதை வேண்டுமென்றே வளையத்தில் அடித்தார், துள்ளிய பந்தைத் தானே எடுத்து மூலையிலிருந்து மூன்று புள்ளி போட்டு 111-111 ஆக்கினார். கனடா ஓவர்டைமில் 127-118 என்று வென்றது வேறு விஷயம். அந்த ஃப்ரீ த்ரோவில் காக்கும் அணிக்கு வரிசையில் மூன்று இடம், எறியும் அணிக்கு இரண்டு. எண்ணிக்கை காக்கும் அணிக்குச் சாதகம். ஆனாலும் எறிந்தவரை அடைத்து நிறுத்தும் பொறுப்பு யாருக்கு என்று பெயர் சொல்லாவிட்டால் அவர் தடையின்றி உள்ளே வருவார். அந்தப் பெயரைச் சொல்வதே ஃப்ரீ த்ரோவுக்கு முந்தைய ஒரே வேலை. எறியும் அணிக்கு நினைவில் இருக்க வேண்டியது: பந்து வளையத்தைத் தொட்டே ஆக வேண்டும், இல்லையென்றால் விதிமீறல், பந்து எதிரணிக்கு.

ஃபீபாவில் பந்து வளையத்தைத் தொட்டுவிட்டால் அதை யாரும் தட்டிவிடலாம், வளையத்துக்கு மேலே இருந்தாலும். உயரமான வீரர்களுக்கு இது பெரிய ஆயுதம். ஆனால் காற்றில் பந்து இருக்கும்போதே பஸ்ஸர் (நேரம் முடிந்த ஒலி) அடித்துவிட்டால், அது வளையத்தில் துள்ளிக்கொண்டிருக்கும்வரை கையை வைக்கக் கூடாது. கடைசி ஷாட்டின்போது பெரிய வீரர்களுக்கு ஒரே கட்டளை: பஸ்ஸருக்கு முன் தட்டு, பஸ்ஸருக்குப் பின் கையைக் கீழே விடு.

வெளியிலிருந்து பந்து போடும்போது கடிகாரத்தில் 0.3 விநாடி அல்லது அதற்கு மேல் இருந்தால் பிடித்து எறியலாம். 0.2, 0.1 என்றால் காற்றிலேயே தட்டிவிடுவது அல்லது நேராக டங்க் செய்வது (கையாலேயே வளையத்துக்குள் திணிப்பது) மட்டுமே செல்லும். இதற்கென்று வளையத்துக்குப் பக்கத்தில் ஸ்கிரீன் வைத்து உயரமாகப் பந்து போடும் ஒரு செட் ஒவ்வொரு அணியிடமும் இருக்க வேண்டும். அதற்கு ஓடிவரும் வீரரின் ஓட்டத்தைவிட, பந்து போடுபவரின் கைதான் முக்கியம். அணியிலேயே நல்ல பாஸ் கொடுப்பவர் அங்கே நிற்கட்டும்; நல்ல ஷூட்டர் களத்துக்குள் இருக்கட்டும்.

காக்கும் அணி கடைசி மூன்று நிமிடத்தில் செய்யும் பொதுவான பிழை, சூடான ஷூட்டரையும் ஒருவரை மட்டும் வைத்துக் காப்பது. 2024 பாரிஸ் ஆண்கள் இறுதியில் பிரான்ஸ் மூன்று புள்ளி இடைவெளிக்கு நெருங்கி வந்தது. அதன் பிறகு அமெரிக்காவின் ஸ்டீபன் கரி மூன்று நிமிடத்துக்குள் நான்கு மூன்று புள்ளிகளைப் போட்டார். ஆட்டம் 98-87. அவர் அன்று போட்ட மூன்று புள்ளி ஷாட்டுகள் மொத்தம் எட்டு. காப்பு நெருங்கித்தான் இருந்தது, கடைசியாக விழுந்தவை எல்லாம் மிகக் கடினமானவை. அப்படிப்பட்ட ஷூட்டர் சூடாகிவிட்டால், பந்து அவர் கையை விட்டுப் போகும்படி இருவராகப் பாய்ந்து, மீதி நான்கு பேரை மூவர் காப்பதுதான் குறைந்த ஆபத்து. அந்த மூவர் எங்கே நிற்பது என்பதை அரையிறுதிக்கும் இறுதிக்கும் நடுவே இருக்கும் அந்த ஒரே நாளில் நடந்து பார்த்திருக்க வேண்டும்.

ஜம்ப் பால் சூழ்நிலை (இரு அணி வீரர்களும் பந்தை விடாமல் பிடித்திருப்பது) வந்தால் பந்தைத் தூக்கி எறிய மாட்டார்கள். அம்புக்குறி யார் பக்கமோ அவர்களுக்குப் பந்து. கடைசி நிமிடத்தில் அம்பு உங்கள் பக்கம் இருந்தால், எதிரணி வீரரின் கையிலிருக்கும் பந்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டாலே போதும். எதிரணிப் பக்கம் இருந்தால் அந்தப் பிடி உதவாது. ஓவர்டைமும் அம்புக்குறியோடுதான் தொடங்கும்.

பயிற்சியாளர் சேலஞ்ச், அதாவது ஒரு முடிவை வீடியோவில் பார்க்கச் சொல்லும் உரிமை, ஆட்டத்துக்கு ஒன்றுதான். முதல் பாதியில் கோபத்தில் அதைச் செலவழிக்க வேண்டாம். பந்து கடைசியாக யார் மேல் பட்டு வெளியே போனது போன்ற, படத்தில் தெளிவாகத் தெரியும் விஷயத்துக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள். கடைசி விநாடி ஷாட் பஸ்ஸருக்கு முன் கையை விட்டதா, இரண்டா மூன்றா என்பவற்றை வீடியோ வசதி உள்ள ஆட்டத்தில் நடுவர்களே பார்ப்பார்கள்.

ஆட்டம் முடிந்ததும் கை குலுக்கப் போவதற்கு முன் ஒருவர் ஸ்கோரர் மேசைக்குப் போக வேண்டும். ஸ்கோர், நேரம் அல்லது ஷாட் கிளாக் கையாளுதலில் திருத்தப்படாத பிழை நடந்து அது உங்களைப் பாதித்தது என்றால், ஆட்டம் முடிந்து 15 நிமிடத்துக்குள் உங்கள் கேப்டன் தலைமை நடுவரிடம் சொல்லி, ஸ்கோர் ஷீட்டில் ஆட்சேபத்துக்கென்று உள்ள இடத்தில் கையெழுத்திட வேண்டும். காரணங்களை எழுத்தில் ஒரு மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். நடுவர் ஃபவுல் ஊதியிருக்கலாம், ஊதவில்லை என்பதற்கு ஆட்சேபம் செல்லாது. கேப்டன் அழுதுகொண்டோ ஆடிக்கொண்டோ இருக்கும் அந்த நேரத்தில் அவரைக் கையைப் பிடித்து மேசைக்குக் கூட்டிப்போக வேண்டியவர் யார் என்பதையும் காலையிலேயே தீர்மானித்துவிடுங்கள்.